பதக்கத்துக்குப் பின்னான வாழ்க்கை: காயமுற்ற வீரர்களை நாடு எவ்வாறு போற்றுகிறது?

பெங்களூரு: குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்தைய நாளில் ஆண்டுதோறும் இரு முறை ராணுவ வீரதீர விருதுகளின் பட்டியல் வெளியாகிறது. பெயர்கள் செய்திகளில் இடம்பெறுகின்றன. சொந்த ஊர்களில் பதாகைகள் எழுகின்றன. சில மாதங்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் மாளிகையில் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெறாமல், கால்களையோ கண்களையோ களத்தில் இழந்து வீடு திரும்பிய வீரர்களின் கணக்கு வேறோர் இடத்தில், மருத்துவ வாரியக் கோப்புகளிலும் ஓய்வூதிய ஆணைகளிலும் எழுதப்படுகிறது. வீரத்தைப் போற்றும் முறையும் காயத்தை ஈடுசெய்யும் முறையும் இரு வேறு பாதைகளில் செல்வதே இன்று முன்னாள் படைவீரர்களிடையே அடிக்கடி எழும் கேள்வியின் அடிப்படை.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான நகரங்களுள் பெங்களூரு ஒன்று. 1780-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இங்குதான் இயங்குகிறது. விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனையும் இங்கு உள்ளது. நாட்டின் உயரிய விருதுகளைப் பெற்ற பலரின் குடும்பங்கள் இந்நகரில் வசிக்கின்றன. அனைத்துக்கும் மேலாக, 'பெங்களூரு' என்னும் பெயரே எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது ஒரு வீரக்கல்லில்தான்.

நடுகல்லும் நிலக்கொடையும்

பெங்களூருவின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மேலைக் கங்கர் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 'பெங்களூருப் போரில்' உயிரிழந்த வீரரை நினைவுகூர்கிறது. கெம்பே கவுடா நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் 16-ஆம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 650 ஆண்டுகள் முன்பே ஊரின் பெயர் வழக்கில் இருந்ததற்கு இக்கல்வெட்டே சான்றாகக் காட்டப்படுகிறது.

பேகூரில் கிடைத்த மற்றொரு வீரக்கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கங்க அரசன் எறெயப்பனின் சார்பில் போரிட்டு இறந்த நாகத்தரன் என்னும் தலைவனின் போர்க்காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த வீரனின் இறப்புக்குப் பின் பேகூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இருகன் என்பவருக்கு 'கல்நாடு' என்னும் கொடையாக வழங்கப்பட்ட செய்தியும் அதே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. புகழும் வாழ்வாதாரமும் ஒரே கல்லில், ஒரே ஆணையில் இடம்பெற்றன என்பது இதன் சிறப்பு.

தமிழகத்திலும் இதே மரபு நிலவியது. நடுகல் எடுக்கும் முறையைக் கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு படிநிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்துகளைத் தாங்கியவை. போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட நிலம் 'உதிரப்பட்டி' என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. குருதிக்கு ஈடாக அளிக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். இக்காலத்தின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் கருணைத் தொகைக்கும் முன்னோடியாக இதைக் கொள்ளலாம்.

எனினும் அந்த மரபில் ஓர் இடைவெளி இருந்தது. கல் பெரும்பாலும் இறந்தவருக்கே நடப்பட்டது. போரில் கை கால் இழந்து உயிருடன் திரும்பியவரைப் பற்றிக் கற்கள் அரிதாகவே பேசுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த இடைவெளி முழுமையாக நிரப்பப்படவில்லை என்பதைத் தற்போதைய நடைமுறைகள் காட்டுகின்றன.

'தம்பி'களின் படைப்பிரிவு

மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வீரர்கள் ராணுவ வட்டாரத்தில் 'தம்பி' என்றே அழைக்கப்படுகின்றனர். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்களே இப்படைப்பிரிவில் பெரும்பான்மையினர். பாலம் அமைத்தல், பாதை திறத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை இவர்களின் முதன்மைப் பணிகள். முள்வேலித் தடைகளைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்ப்பிடோ' என்னும் வெடிகுழாய் 1912-இல் இப்படைப்பிரிவின் அதிகாரி ஒருவரால் உருவாக்கப்பட்டு, இரு உலகப் போர்களிலும் பயன்படுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ பகுதியில் இப்படைப்பிரிவினர் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தனர். உடனிருந்த வீரர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டதைக் கண்ட சுபேதார் சுப்பிரமணியன், அது வெடிப்பதற்கு இடையிலான சில நொடிகளில் தம் உடலால் அதை மூடினார். அவர் உயிரிழந்தார், அருகில் இருந்தோர் காப்பாற்றப்பட்டனர். எதிரியின் முன்னிலையில் அல்லாத நிலையில் காட்டப்படும் உச்சகட்ட வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. காஞ்சிபுரம் வட்டாரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர்.

அதே பணி, அதே துணிவு 72 ஆண்டுகளுக்குப் பின் பஞ்சாபில் மீண்டும் வெளிப்பட்டது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டபோது, தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் பணியாற்றிய லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், கொல்லப்பட்ட பயங்கரவாதியின் உடலில் இருந்த வெடிபொருளை அகற்றும்போது உயிரிழந்தார். பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்டு பெங்களூருவில் வளர்ந்த அவரும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவரே. அவருக்கு சௌர்ய சக்ரா வழங்கப்பட்டது.

விருதுகளின் படிநிலை

சுதந்திர இந்தியாவின் வீரதீர விருதுகள் இரு வரிசைகளாக அமைந்துள்ளன. எதிரியின் முன்னிலையில் காட்டப்படும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை வழங்கப்படுகின்றன. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இவை 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தவையாகக் கருதப்படுகின்றன. போர்க்களத்துக்கு அப்பாற்பட்ட சூழலில் காட்டப்படும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகியவை உள்ளன. 1952-இல் அசோக சக்ராவின் மூன்று வகுப்புகளாகத் தொடங்கப்பட்ட இவை 1967-இல் தற்போதைய பெயர்களைப் பெற்றன. இவற்றுக்கு அடுத்த நிலையில் முப்படைகளுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் உள்ளன.

இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர். அவர்களுள் 14 பேருக்கு அவ்விருது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. இலங்கையில் இந்திய அமைதிப்படையில் பணியாற்றிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களுள் ஒருவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் நடைபெற்ற மோதலில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னரும் தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்து அவர் உயிரிழந்தார்.

விருது பெற்றவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் இத்தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. அதன்படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000 ரூபாய், கீர்த்தி சக்ராவுக்கு 9,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், சௌர்ய சக்ராவுக்கு 6,000 ரூபாய், சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இதைத் தவிர மாநில அரசுகள் ஒரே முறை ரொக்கப் பரிசும் வீட்டுமனையும் வழங்குகின்றன. இவற்றின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகிறது. ஒரே மோதலில் ஒரே விருதைப் பெற்ற இருவர், பிறந்த மாநிலம் வேறு என்பதாலேயே வெவ்வேறு தொகைகளைப் பெறும் நிலை இதனால் ஏற்படுகிறது.

சாட்சி இல்லாத வீரம்

விருதுக்கான பரிந்துரை களத்தில் உடனிருந்தவர்களின் சாட்சியத்தில் தொடங்குகிறது. படைப்பிரிவின் தளபதி அதை எழுத்தில் வடித்து மேலிடத்துக்கு அனுப்புகிறார். பல நிலைகளில் ஆராயப்பட்ட பின் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறுகிறது. இம்முறை கண்டிப்பானது, அதன் காரணமாகவே விருதுகளின் மதிப்பு குன்றாமல் உள்ளது. ஆனால் சாட்சி சொல்ல எவரும் இல்லாத இடத்தில் இம்முறை மௌனமாகிவிடுகிறது.

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போபய்யா தேவய்யாவின் வரலாறு இதற்குச் சான்று. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டியர் விமானங்களில் அவருடையது மாற்று விமானமாக இணைந்தது. அவர் திரும்பவில்லை. காணாமற்போனவராகவே அவர் கருதப்பட்டார். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃபிரிக்கர் அப்போரைப் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலின் வழியாகவே, தம்மைவிட வேகமும் ஆற்றலும் மிக்க ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்றை எதிர்கொண்டு வீழ்த்திய இந்திய விமானி ஒருவரைப் பற்றிய விவரம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த விமானி தேவய்யாவே என்பது பின்னர் உறுதிசெய்யப்பட்டு, 1988-இல் அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. நிகழ்வுக்கும் விருதுக்கும் இடையில் 23 ஆண்டுகள் கடந்திருந்தன.

வீரம் போதுமானதாக இல்லை என்பதால் அந்தத் தாமதம் ஏற்படவில்லை. பதிவு இல்லாமையே அதற்குக் காரணம். காயமுற்ற வீரர்கள் பலர் பிற்காலத்தில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதே தன்மையது.

உயிருடன் திரும்பியவர்கள்

1999 கார்கில் போரில் 4875 என எண்ணிடப்பட்ட சிகரத்தைக் கைப்பற்றும் மோதல் கேப்டன் விக்ரம் பத்ராவின் பெயரால் நாடெங்கும் அறியப்படுகிறது. அவர் பணியாற்றிய 13-ஆவது ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் படைப்பிரிவில் அதே மோதலில் ஈடுபட்டிருந்த இளம் அதிகாரி நவீன் நாகப்பா கர்நாடகத்தைச் சேர்ந்தவர். அருகில் வெடித்த கையெறி குண்டால் அவரது கால்கள் கடுமையாகச் சிதைந்தன. நீண்ட மருத்துவமனை வாசத்துக்கும் பல அறுவை சிகிச்சைகளுக்கும் பின் படைப்பணியைத் தொடர இயலாமல் அவர் விடுவிக்கப்பட்டார். சேனா பதக்கம் பெற்ற அவர், பின்னர் தேர்வெழுதி ராணுவப் பொறியியல் சேவையில் குடிமைப் பணி அதிகாரியாகச் சேர்ந்தார். போருக்குப் பின் இரண்டாவது வாழ்க்கையைத் தாமே அமைத்துக்கொண்டவர்களுக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

இத்தகையோர் பலர். 1965 போரில் குண்டுக்காயங்களால் முடங்கிய முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக் போட்டியின் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 2002-இல் ஜம்மு காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாடோ ஹொடோஷே சேமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக் குண்டு எறிதலில் வெண்கலம் வென்றார். பேட்கருக்குப் பத்மஸ்ரீ விருது 2018-இல்தான், வெற்றிக்கு 46 ஆண்டுகளுக்குப் பின், கிடைத்தது.

பாராலிம்பிக் இயக்கமே போரில் காயமுற்றவர்களிடமிருந்து பிறந்தது. 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களுக்காக மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய விளையாட்டுகளே அதன் தொடக்கம். இந்தியாவிலும் மறுவாழ்வு நிறுவனங்களின் வரலாறு நீண்டது. மாற்றுத்திறனாளிப் படைவீரர்களுக்குத் தொழில் கற்பிக்கும் குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் 1917-இல் தொடங்கப்பட்டது. அது புணே அருகே கட்கியில் இயங்குகிறது. செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் புணேயில் செயல்படுகிறது. முதுகுத்தண்டு பாதிப்புற்றோருக்கான மறுவாழ்வு மையங்கள் கட்கியிலும் மொஹாலியிலும் உள்ளன. தென் மாநிலங்களைச் சேர்ந்த வீரர்கள் இவற்றை நாடிச் செல்வதற்கு மொழியும் தொலைவும் தடையாக அமைகின்றன.

எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமடைந்தவர்களுக்கெனப் 'பராக்கிரம பதக்கம்' என்னும் காயப் பதக்கம் இந்தியாவில் வழங்கப்படுகிறது. ஆனால் பொதுமக்களுள் இதை அறிந்தவர் மிகக் குறைவு. அமெரிக்காவில் 1932 முதல் தற்போதைய வடிவில் வழங்கப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம், காயமுற்ற வீரரைச் சமூகம் அடையாளம் காணும் குறியீடாகவே மாறியுள்ளது. இந்தியாவின் காயப் பதக்கமோ சீருடையின் மார்புப் பட்டியில் ஒரு நாடாவாகவே நின்றுவிடுகிறது; சீருடையைக் கழற்றியதும் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓய்வூதியம் என்னும் இரண்டாவது களம்

காயமுற்ற வீரருக்கான நிதிப் பாதுகாப்பு, காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணை இறப்பையும் உடல் இயலாமையையும் ஐந்து வகைகளாகப் பிரித்தது. பணியோடு தொடர்பற்ற இயற்கைக் காரணங்கள் முதல் வகை. பணியால் நேர்ந்த நோய் இரண்டாவது. பணியின்போது நேரும் விபத்து மூன்றாவது. பயங்கரவாதிகள் அல்லது சமூக விரோதிகளின் வன்செயல் நான்காவது. போர், எல்லை மோதல், கண்ணிவெடி போன்ற எதிரி நடவடிக்கைகள் ஐந்தாவது.

வகையைப் பொறுத்துத் தொகை பெரிதும் மாறுபடுகிறது. பணியோடு தொடர்புடைய நோய் அல்லது விபத்தால் 100 சதவீத இயலாமை ஏற்பட்டால், இயலாமைக்கான கூறு கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதம். அதே அளவு இயலாமை போர்க்காயத்தால் ஏற்பட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால், போர்க்காயக் கூறு கடைசிச் சம்பளத்துக்கு ஈடாக அமைகிறது. ஆகவே எந்த வகையில் சேர்க்கப்படுகிறோம் என்பதே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. அந்த முடிவோ பல நேரங்களில் பனிமலை முகாமில் அவசரமாக எழுதப்பட்ட காய அறிக்கை ஒன்றைச் சார்ந்துள்ளது.

சியாச்சின் நிகழ்வு இந்த வகைப்பாட்டின் சிக்கலை உணர்த்துகிறது. 2016 பிப்ரவரி 3 அன்று 19,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பனிச்சரிவில் 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் புதைந்தனர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட, தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பாட், பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்தார். அங்கே எதிரியின் தோட்டா எதுவும் இல்லை. எல்லையைக் காக்கும் பணியும் பனியுமே இருந்தன. இதை உணர்ந்தே, உயர்மலைப் பகுதிகளில் கடுங்குளிரால் நேரும் இறப்புக்கு, பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் நேரும் இறப்புக்கு நிகரான 35 லட்சம் ரூபாய் கருணைத் தொகை 2016 முதல் நிர்ணயிக்கப்பட்டது. போரில் நேரும் இறப்புக்கு இத்தொகை 45 லட்சம் ரூபாய்.

இயலாமை ஓய்வூதியம் தொடர்பான வழக்குகள் நீதிமன்றங்களில் நீண்டகாலமாகத் தொடர்கின்றன. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதில் ஒரு திருப்புமுனை. பணியில் சேரும்போது உடல் தகுதியுடன் இருந்ததாகப் பதிவு செய்யப்பட்டவருக்குப் பின்னர் நேரும் குறைபாடு பணியால் ஏற்பட்டதாகவே கருதப்பட வேண்டும். அவ்வாறு இல்லை எனில் அதை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்று நீதிமன்றம் கூறியது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், இயலாமைச் சதவீதத்தை 50, 75, 100 என மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை, கொச்சி அமர்வுகள் உள்ளிட்டவற்றில் இவ்வழக்குகள் தொடர்ந்து விசாரிக்கப்படுகின்றன.

அரசுத் தரப்பின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. வாழ்க்கைமுறை சார்ந்த நோய்களுக்காக இயலாமை ஓய்வூதியம் பெறுவோரின் பங்கு கூடியிருப்பதைத் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. இதன் பின்னணியில் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுவோருக்கு 'குறைபாட்டு நிவாரணம்' என்னும் புதிய கூறு அறிமுகமானது. இவ்விதிகள் முன்தேதியிட்டுப் பொருந்தா என்றும் உண்மையான பயனாளிகளின் நலன் காக்கப்படும் என்றும் விளக்கம் அளிக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் அமைப்புகளோ, சிலரின் தவறான பயன்பாட்டைத் தடுக்க முற்படும்போது உண்மையில் பாதிக்கப்பட்டவர்களின் மீதே சந்தேகத்தின் நிழல் விழும் என அஞ்சுகின்றன.

இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு இங்கே தெளிவாகிறது. விருது வழங்கும் முறையில் வீரருக்காக மற்றவர்கள் பேசுகின்றனர். ஓய்வூதிய முறையில் காயமுற்றவரே தம் காயத்தை நிரூபிக்க வேண்டியுள்ளது. முதலாவது நம்பிக்கையில் தொடங்குகிறது. இரண்டாவது ஐயத்தில் தொடங்குகிறது. காயத்துக்குக் காரணமான நிகழ்வு ஒன்றேயாயினும், நாடு அவரிடம் இரு குரல்களில் பேசுகிறது.

புதிதாக எழும் கேள்விகள்

2022-இல் அறிமுகமான அக்னிபத் திட்டம் இக்கேள்விக்குப் புதிய பரிமாணத்தைச் சேர்த்துள்ளது. நான்கு ஆண்டுப் பணிக்காலத்துக்குச் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பணியின் காரணமாக நேரும் இயலாமைக்கு அதன் அளவைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் என ஒரே முறை இழப்பீடு வழங்கப்படுகிறது. நிரந்தரப் பணியிலுள்ள வீரர்களுக்குக் கிடைக்கும் வாழ்நாள் ஓய்வூதியம் இதில் இல்லை. இருபது வயதில் காலை இழக்கும் இளைஞர் ஒருவர் அதன் பின் வாழக்கூடிய நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு மொத்தத் தொகை போதுமா என்பதே எதிர்ப்பாளர்களின் வினா. பணியில் சேருமுன்பே நிபந்தனைகள் தெளிவாக அறிவிக்கப்பட்டவை, இழப்பீடும் கணிசமானது என்பது ஆதரவாளர்களின் பதில். முதல் தொகுதி அக்னிவீரர்களின் நான்கு ஆண்டுக் காலம் நிறைவுறும் கட்டத்தில் இவ்விவாதம் மேலும் கூர்மை பெறும்.

பயிற்சியின்போது காயமுற்று வெளியேற்றப்பட்ட பயிற்சி அதிகாரிகளின் நிலை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. ஊடகச் செய்தியின் அடிப்படையில் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பெங்களூருவைச் சேர்ந்த நீதிபதி பி.வி.நாகரத்னா, நீதிபதி ஆர்.மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு அதை விசாரித்தது. அதிகாரியாகப் பொறுப்பேற்குமுன் காயமுற்றதால் இவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்னும் தகுதியே கிடைப்பதில்லை. இதையடுத்து முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் பலன்களை இவர்களுக்கும் நீட்டிக்க அரசு முன்வந்தது.

நகரத்தின் பொறுப்பு

பெங்களூரு தன் வீரர்களை மறந்த நகரம் அல்ல. 2008 நவம்பரில் மும்பை தாஜ் மகால் விடுதியில், காயமுற்ற சக கமாண்டோவைப் பாதுகாப்பாக வெளியேற்ற ஏற்பாடு செய்துவிட்டுப் பயங்கரவாதிகளைத் தனியே பின்தொடர்ந்து உயிரிழந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் இந்நகரில் வளர்ந்தவர். அசோக சக்ரா பெற்ற அவரது பெயரை எலகங்கா பகுதியின் சாலை ஒன்று தாங்கி நிற்கிறது. பிரிகேட் சாலைச் சந்திப்பில் முதல் உலகப் போர் நினைவுத்தூண் உள்ளது. நேரு கோளரங்கத்துக்கு அருகில் அமைந்த தேசிய ராணுவ நினைவுப் பூங்காவில் சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பழைய மரபை நினைவூட்டும் வீரக்கல்லும் அங்கு இடம்பெறுகிறது. தலைநகரில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கியுள்ளது.

தமிழ்நாட்டிலும் கார்கில் போரில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் உள்ளது. மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை 2024-இல் 'அமரன்' திரைப்படமாகி இளைய தலைமுறையைச் சென்றடைந்தது. 2020-இல் கல்வான் மோதலில் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்ட வீரர் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள் அனைத்தும் இறந்தோருக்கானவை. அது இயல்பும் முறையும் ஆகும். அதே மோதல்களில் உயிர் தப்பியவர்கள் இதே நகரங்களில் பேருந்துக்குக் காத்திருக்கின்றனர். சக்கர நாற்காலி செல்ல முடியாத நடைபாதைகளைக் கடக்கின்றனர். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்கான மரியாதை இச்சிறு இடங்களில்தான் அளக்கப்படுகிறது.

செய்யத்தக்கவை எவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. களத்தில் நேரும் காயத்தை அன்றே மின்னணு முறையில் பதிவு செய்து, அப்பதிவை ஓய்வூதிய வகைப்பாட்டோடு நேரடியாக இணைப்பது முதலாவது. ஒரு முறை இறுதித் தீர்ப்பு வந்த வகை வழக்குகளில் ஒவ்வொரு வீரரையும் மீண்டும் மேல்முறையீட்டுக்கு இழுக்காதிருப்பது இரண்டாவது. தென் மாநிலங்களில், வீரர்களின் தாய்மொழியில் சேவையளிக்கும் மறுவாழ்வு மையம் அமைப்பது மூன்றாவது. காயப் பதக்கம் பெற்றவர்களின் பெயர்களையும் வீரதீர விருதுகளோடு சேர்த்து அறிவிப்பது நான்காவது. இந்த நான்காவதற்குச் செலவு ஏதும் இல்லை.

பேகூர்க் கல்லைச் செதுக்கியவர்கள் வீரனின் பெயரை எழுதியதோடு நில்லாமல், யாருக்கு எந்த ஊர்கள் கொடையாகச் சென்றன என்பதையும் எழுதி வைத்தனர். பின்னாளில் எவரும் மறுக்க முடியாதபடி அதை அனைவரும் காணும் கல்லில் நிறுத்தினர். இன்றைய காயமுற்ற வீரர் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ அதுவே: தமக்கு நேர்ந்தது தெளிவாகப் பதிவு செய்யப்பட வேண்டும், அந்தப் பதிவை மீண்டும் மீண்டும் நிரூபிக்கும் நிலை வரக் கூடாது.